மலிவாகக் கிடைத்த ஹெச்டி டிவிடி பிளேயரும் நான்காண்டு உத்தரவாதமும்: ஓர் எச்சரிக்கை

நியூ ஜெர்சியின் எடிசனில் சென்ற மாதம் ஒரு வீட்டு வாசலில் பழைய பொருள்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு உறையிட்ட திரைப்பட வட்டுகள் நிறைந்த ஓர் அட்டைப்பெட்டியும் அவற்றை ஓட்டும் பிளேயரும் சேர்த்து 60 டாலர் என்று எழுதி வைத்திருந்தார்கள். அண்மையில் ஊரிலிருந்து வந்து குடியேறிய தம்பி ஒருவர், உறைகளின் மேல் ‘ஹெச்டி டிவிடி’ என்று அச்சிட்டிருந்ததைக் கண்டு, டிவிடியிலேயே தெளிவு கூடிய ஒரு வகை போலும் என்று எண்ணிப் பணத்தை எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். ஏன் தடுத்தேன் என்பதை அந்த வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க இயலவில்லை. அவரைப் போலவே பெயரைப் பார்த்து மயங்கக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால், எனக்கு நேர்ந்ததை முழுமையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஹெச்டி டிவிடி என்பது தோஷிபாவும் என்இசியும் முன்னின்று உருவாக்கிய தனி வட்டு வகை. 2006 மார்ச் இறுதியில் ஜப்பானிலும் ஏப்ரலில் அமெரிக்காவிலும் அது விற்பனைக்கு வந்தது. சோனி, பிலிப்ஸ், பானசோனிக் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த ப்ளூ-ரே அதே ஆண்டு ஜூனில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இரண்டும் ஒரே நீல ஊதா லேசர் ஒளியால் படிக்கப்படுபவை, இரண்டும் 12 சென்டிமீட்டர் வட்டுகள், ஆயினும் ஒன்றின் வட்டு மற்றொன்றின் பிளேயரில் ஓடாது. இரண்டையும் ஓட்டும் சில கலப்புப் பிளேயர்கள் அக்காலத்தில் வந்தன என்பது உண்மைதான். இன்று கடையில் நீங்கள் வாங்கும் ப்ளூ-ரே பிளேயரில் ஹெச்டி டிவிடியைப் போட்டால் ஒன்றும் தெரியாது. 2008 பிப்ரவரி 19 அன்று தோஷிபா இந்த வகையைக் கைவிடுவதாக அறிவித்தது. பிறந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

நான் ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியது 2007 நவம்பர் 23, நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் வால்மார்ட்டில் பழைய மாடல் ஒன்றை 98 டாலர் சொச்சத்துக்கு அள்ளிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் செய்தி அலுவலகம் முழுவதும் பேச்சாக இருந்தது. நான் சென்றது நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த நடுத்தர அளவிலான ஒரு மின்னணுக் கடை. அதன் பெயரை எழுதப்போவதில்லை. கடையும் மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே அதற்கு அடுத்த மாடல் 199 டாலர். அத்துடன் 60 டாலருக்கு ஓர் ஹெச்டிஎம்ஐ கேபிள், 50 டாலருக்கு நான்காண்டு நீட்டிப்பு உத்தரவாதம், மூன்று படங்கள் என்று பில் ஏறக்குறைய இரு மடங்காக வந்து நின்றது. (அந்தக் கேபிளுக்கும் பத்து டாலர் கேபிளுக்கும் படத்தில் எந்த வேறுபாடும் இராது என்பதைப் பின்னர் நானே இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இலக்க முறையில் செல்லும் குறிப்பலை வந்தால் முழுதாக வரும், இல்லையேல் திரையில் புள்ளிகளும் கோடுகளுமாகச் சிதறும். விலை உயர்ந்த கம்பியில் நிறம் கூடி வராது.)

விற்பனையாளர் சொன்னவற்றை இன்றும் வரிசையாக நினைவுகூர முடிகிறது. திரைப்பட ஸ்டுடியோக்களில் யுனிவர்சல் தொடக்கத்திலிருந்தே ஹெச்டி டிவிடியில் மட்டும் வெளியிடுகிறது. ஆகஸ்டில் பாரமவுண்ட்டும் ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் ப்ளூ-ரேயை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டன. வார்னர் இரண்டிலும் வெளியிடுகிறது. ஆகவே பெரும்பாலான படங்கள் கிடைக்கும், விலையோ எதிர்த்தரப்பில் பாதி. இவை அனைத்தும் உண்மைகளே. டிஸ்னி, ஃபாக்ஸ், சோனி ஆகியவற்றின் படங்கள் ஒருபோதும் இதில் வராது என்பதை அவர் சொல்லவில்லை. வாடகை வட்டு நிறுவனமான பிளாக்பஸ்டர் தன் 1,400க்கும் மேற்பட்ட கடைகளில் ப்ளூ-ரேயை மட்டுமே வைக்கப்போவதாக அந்த ஜூனிலேயே அறிவித்திருந்ததையும், அவ்வாண்டு அமெரிக்காவில் ஒரு ஹெச்டி டிவிடி விற்றால் ஏறக்குறைய இரண்டு ப்ளூ-ரே வட்டுகள் விற்றுக்கொண்டிருந்ததையும் அவர் வாய் திறந்து சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம், எனக்கே எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மென்பொருள் துறையில் இருப்பவன் என்பதால் இரண்டு வகைகளின் விவரக்குறிப்புகளையும் வாரக்கணக்கில் படித்திருந்தேன். ப்ளூ-ரேயில் தகவல் பதியும் ஓர் அடுக்குக்கு 25 கிகாபைட், ஹெச்டி டிவிடியில் 15. ஆனால் இரண்டிலும் படத்தைச் சுருக்கும் முறைகள் ஒன்றே, ஆகவே 30 கிகாபைட் இரட்டை அடுக்கு வட்டில் ஒரு படம் தாராளமாக அடங்கும். ஹெச்டி டிவிடியில் தகவல் அடுக்கு டிவிடியைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால், ஏற்கனவே உள்ள டிவிடி ஆலைகளைச் சிறு மாற்றத்துடன் பயன்படுத்தலாம். ப்ளூ-ரேக்கோ மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் தகவல் இருப்பதால் புதிய இயந்திரங்களும் கீறல் தாங்கும் மேல்பூச்சும் வேண்டும். ஒவ்வொரு ஹெச்டி டிவிடி பிளேயரிலும் இணைய இணைப்பு கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாட்டு வட்டு வேறு நாட்டுப் பிளேயரில் ஓடாதபடி தடுக்கும் மண்டலக் குறியீடு இல்லை; லண்டனில் இருக்கும் என் அக்கா அனுப்பும் வட்டும் இங்கே ஓடும். இத்தனை நியாயங்கள் கையில் இருக்கும்போது விலையும் இறங்கினால், மலிவானதே வெல்லும் என்று முடிவுகட்டுவது எளிதாக இருந்தது.

அந்த விலை இறக்கத்தைத்தான் நான் தவறாகப் படித்தேன். முதல் மாடலை அதன் உதிரிபாகச் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள் என்று 2006லேயே தொழில் ஆய்வாளர்கள் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார்கள். 499 டாலரில் தொடங்கிய பொருள் ஒன்றரை ஆண்டில் நூறு டாலரைத் தொடுவது, உற்பத்திச் செலவு அவ்வளவு குறைந்ததால் நிகழ்வதன்று. ஸ்டுடியோக்கள் கைவிட்டுப் போகும் முன் எப்படியாவது வீடுகளுக்குள் பிளேயரை நுழைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தால் நிகழ்வது. வட்டுகளின் விற்பனைக் கணக்கை ஒரே ஒருமுறை பார்த்திருந்தால் எனக்கு அது விளங்கியிருக்கும்.

இனி, என் மனத்தை இன்றும் உறுத்தும் பகுதிக்கு வருகிறேன். பிளேயர் மெதுவானது, பொத்தானை அழுத்திவிட்டுப் படம் வருவதற்குள் அடுக்களைக்குச் சென்று காபி கலந்துகொண்டு வந்துவிடலாம். அதையாவது பொறுத்துக்கொண்டோம். ஒருபுறம் ஹெச்டி டிவிடியும் மறுபுறம் சாதாரண டிவிடியுமாக இருந்த இருபுற வட்டு ஒன்று, பாதிப் படத்தில் உறைந்து நின்றது. டிசம்பர் 20 அன்று, பெட்டியும் பில்லும் தெர்மோகோலும் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு திருப்பித்தரச் சென்றேன். பில்லின் பின்புறம் 30 நாள் கெடு என்றும், பிரித்த பெட்டியாயின் 15 சதவீதம் கழித்துக்கொள்ளப்படும் என்றும் அச்சிட்டிருந்தது. அந்தக் கெடுவில் மூன்று நாள்கள் மீதமிருந்தன. அதே விற்பனையாளர், மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வரவிருப்பதாகவும், அது வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும், பண்டிகைக் காலத்தில் வாங்கியவற்றுக்கு ஜனவரி 15 வரை அவகாசம் உண்டு என்றும், இப்போதே தந்தால் வீணாக 30 டாலர் இழப்பேன் என்றும் என் நலன் விரும்புபவர் போலச் சொன்னார். நான் நம்பினேன். எழுதித் தாருங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

2008 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை, வார்னர் இனி ப்ளூ-ரேயில் மட்டுமே வெளியிடும் என்ற அறிவிப்பு வந்தது. அமெரிக்க வீட்டுத் திரைப்பட விற்பனையில் மிகப் பெரிய பங்கு வைத்திருந்த ஸ்டுடியோ அது. லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சியில் அந்த வார இறுதியில் நடக்கவிருந்த ஹெச்டி டிவிடி தரப்பின் செய்தியாளர் சந்திப்பே ரத்து செய்யப்பட்டது. திங்கள்கிழமை மாலை நான் கடைக்குச் சென்றபோது எனக்கு முன்னால் நான்கு பேர் அதே பெட்டியுடன் நின்றார்கள். மேலாளர் என் பில்லைத் திருப்பிப் போட்டு, 30 நாள் என்ற வரியின்மேல் விரலை வைத்தார். ஜனவரி 15 என்று எவரும் சொல்லியிருக்க முடியாது என்றார். அந்த விற்பனையாளர் அன்று விடுப்பில் இருந்தார். பிறகு நான் இருமுறை சென்றபோதும் விடுப்பிலேயே இருந்தார். கடைசியில், 199 டாலர் பொருளுக்கு 60 டாலருக்கான கடைப் பற்றுச்சீட்டு தருவதாகச் சொன்னார்கள். கோபத்தில் மறுத்துவிட்டு வந்தேன். வாங்கியிருக்க வேண்டும்.

அதன் பிறகு எல்லாம் விரைந்து முடிந்தது. பிப்ரவரி 11 அன்று, அக்காலத்தில் அஞ்சல் வழியே வட்டுகளை வாடகைக்கு விட்டுவந்த நெட்ஃபிளிக்ஸும் மின்னணுக் கடைத்தொடரான பெஸ்ட் பையும், 15 அன்று வால்மார்ட்டும் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தன. 19 அன்று தோஷிபா விலகியது. பிளேயருடன் அஞ்சல் வழியே வருவதாகச் சொல்லியிருந்த ஐந்து இலவசப் படங்கள் அடுத்த வாரம்தான் என் வீட்டுக்கு வந்தன. “காரியம் முடிந்தபின் கருமாதிச் சாப்பாடு வந்திருக்கிறது” என்றாள் என் மனைவி. பெஸ்ட் பை தன்னிடம் ஹெச்டி டிவிடி பிளேயர் வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டை அனுப்பியதாகச் செய்தி வந்தபோது, என் கடையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். சிரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார்கள்.

போனது போகட்டும், பிளேயர் இருக்கிறதே என்று, நான்கைந்து டாலருக்கு வாரி இறைக்கப்பட்ட வட்டுகளை மேலும் 23 வாங்கிச் சேர்த்தேன். இது முழுக்க என் மடமை. கடையைக் குறை சொல்ல இதில் இடமில்லை. 2009இல் வார்னர் தன் ஹெச்டி டிவிடிகளை வட்டுக்கு 4.95 டாலரும் அஞ்சல் செலவும் வாங்கிக்கொண்டு ப்ளூ-ரேயாக மாற்றித் தந்தது. என்னிடமிருந்த 31 வட்டுகளில் 12 அவ்வழியே பிழைத்தன.

2010 செப்டம்பரில் பிளேயரின் லேசர் படிப்பதை நிறுத்தியது. நான்காண்டு உத்தரவாதம் கையில் இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். கடைக்கும் அந்த உத்தரவாதத்துக்கும் தொடர்பில்லை, அது வேறொரு நிறுவனத்தினுடையது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நிறுவனம் அனுப்பிய கடிதத்தின் சாரம் இது: பழுது நீக்க உதிரிபாகம் இல்லை, அதே பொருள் சந்தையில் இல்லாதபோது அதன் அடிப்படைப் பயனுக்கு நிகரான பொருளைத் தருவதே ஒப்பந்தம், வட்டிலுள்ள படத்தைத் தொலைக்காட்சியில் காட்டுவதே அந்த அடிப்படைப் பயன், ஆகவே ஒரு சாதாரண டிவிடி பிளேயர், அல்லது அதன் விலையான 39 டாலருக்குக் காசோலை. உத்தரவாதத்துக்கு நான் கட்டியதோ 50 டாலர். ஒரு வட்டு வகை வழக்கொழிந்தால் என்ன செய்வார்கள் என்பதை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளில் தேடிப் பாருங்கள். எனக்குத் தந்த தாளில் அது ஒன்பதாம் பத்தியில் இருந்தது.

வென்ற பக்கத்தில் முந்தி வாங்கியவர்களும் முழுக்கத் தப்பிவிடவில்லை. என் மைத்துனர் 2006 கோடையிலேயே 999 டாலர் கொடுத்து ப்ளூ-ரே பிளேயர் வாங்கினார். அதில் இணைய இணைப்பு இல்லை. திரைக்குள் சிறு திரையாக விளக்கம் காட்டும் வசதிக்கான விதிமுறையே 2007 நவம்பரில்தான் புதிய பிளேயர்களுக்குக் கட்டாயமானது. அவருடையதில் அது ஒருபோதும் வேலை செய்யவில்லை. படம் மட்டும் ஓடியது. அந்த நவம்பரில் 399 டாலருக்கு, ப்ளூ-ரேயையும் ஓட்டும் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 3 வாங்கிய என் அலுவலக நண்பர்தான் எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரர்: இணைய வழியாகவே புதுப்பித்துக்கொண்டு, பின்னர் வந்த வசதிகளையும் அவருடைய பெட்டி ஏற்றுக்கொண்டது. அவரும் அதைத் தன் மகனின் விளையாட்டுக்காகத்தான் வாங்கினார்.

இப்போது அந்த 60 டாலர் பெட்டிக்குத் திரும்புகிறேன். இவ்வகை வட்டுகளில் பல, உள்ளே உள்ள அடுக்குகளின் ஒட்டு சிதைந்து, வெளியே ஒரு கீறலும் இல்லாமலேயே படிக்க முடியாமற்போகின்றன. சில வட்டுகள் தொடக்கக் காட்சிகளை ஒழுங்காகக் காட்டிவிட்டு, நடுவில் இரண்டாம் அடுக்குக்கு மாறும் இடத்தில் நின்றுவிடும். ஆகவே, விற்பவர் முதல் பத்து நிமிடத்தை ஓட்டிக் காட்டுவதால் ஒன்றும் நிரூபணமாகாது. கடைசி அத்தியாயத்தை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். பிளேயர் பழுதானால் உதிரிபாகம் வேறொரு பழைய பிளேயரிலிருந்துதான் வர வேண்டும். எக்ஸ்பாக்ஸ் 360 என்ற விளையாட்டுப் பெட்டிக்கென 2006 இறுதியில் 199 டாலருக்கு வந்த வெளிப்புற ஹெச்டி டிவிடி ட்ரைவ், யுஎஸ்பி வழியாகக் கணினியிலும் இயங்கும். என்னிடம் இப்போது இருப்பது அப்படிப் பழையதாக வாங்கிய ஒன்றுதான்.

நான் தம்பியிடம் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்ட வீட்டுக்காரர், விலையை 20 டாலராகக் குறைத்தார். பிறகு சும்மாவே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். சும்மா என்றாலும் வேண்டாம் என்று தம்பியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டு நிலவறையில் அதே சிவப்பு உறைகள் இன்னும் 19 இருக்கின்றன. அன்று மாலை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். கடைசிக் காட்சிவரை ஓடியவை 7.