நாலு சில்வர், ஒரு கக்கத்துக் கட்டை

தோளில் கிளி, ஒற்றைக் கால், வாயில் தேன், இடுப்பில் கத்தி. கடற்கொள்ளையன் என்றதும் கண்முன் வருகிற இந்த ஆளுக்கு லாங் ஜான் சில்வர் என்று பெயர். ஒரு தீவில் புதைத்த புதையலைத் தேடிக் கப்பலேறும் கதையான ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' நாவல் 1883இல் புத்தகமாக வந்ததிலிருந்து இவனுக்கு ஓய்வே இல்லை. காசநோயால் காலை இழந்த தன் கவிஞர் நண்பர் டபிள்யூ. இ. ஹென்லியின் மிடுக்கைப் பார்த்துத்தான் ஸ்டீவன்சன் இவனை உருவாக்கினார்.

திரையில் வந்த சில்வர்களை எடைபோட என்னிடம் ஒரே ஒரு படிக்கல்தான் இருக்கிறது. நாவலில், கப்பலில் சில்வர் நடத்தும் கலகத்தில் கூட்டுச் சேர மறுக்கிற டாம் என்ற மாலுமியின் முதுகைக் குறிபார்த்துத் தன் கக்கத்துக் கட்டையையே வீசுவான் சில்வர். டாம் விழுந்ததும் ஒற்றைக் காலில் தாவிப் போய் இரண்டு முறை குத்துவான். சிறுவன் ஜிம் இதை மறைந்திருந்து பார்க்கிறான். பிற்பாடு அதே ஜிம்மின் உயிரை, தன் கூட்டாளிகளையே எதிர்த்து நின்று காப்பாற்றுவதும் இதே சில்வர்தான். அந்தக் கொலைகாரனும் இந்தக் காவல்காரனும் ஒரே ஆள்தான் என்று நம்மை நம்பவைக்க வேண்டும். நடிகருக்கு அங்கேதான் சோதனை.

1950இல் டிஸ்னி எடுத்த படத்தில் சில்வராக வந்தவர் ராபர்ட் நியூட்டன். முழுக்க முழுக்க மனிதர்களை வைத்து டிஸ்னி எடுத்த முதல் படம் அது. இங்கிலாந்தின் டார்செட்டில் பிறந்த நியூட்டன், அந்தத் தென்மேற்குப் பேச்சை இன்னும் தடிப்பாக்கி, 'ர'வைப் போட்டு உருட்டினார். கொள்ளையர்கள் என்றாலே 'ஆர்ர்ர்' என்றுதான் பேசுவார்கள் என்று உலகமே நம்புவதற்கு முக்கியக் காரணம் இவர்தான். செப்டம்பர் 19ஆம் தேதி கொள்ளையர் பாஷை பேசும் நாள் என்று ஒரு வேடிக்கை வழக்கம் உண்டே, அதற்கு இவரைத்தான் குலதெய்வம் மாதிரி வைத்திருக்கிறார்கள். கண்ணை உருட்டுகிறார், பல்லை இளிக்கிறார், அவர் வந்தால் வேறு யாரையும் பார்க்கத் தோன்றாது. ஆனால் பயம்? எனக்கு வரவில்லை. திருவிழாவில் வேஷம் கட்டி வந்த மாமாவைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

பயம் வேண்டும் என்றால் 1990இல் வந்த தொலைக்காட்சிப் படம். சார்ல்டன் ஹெஸ்டன் சில்வர், இயக்கியவர் அவருடைய மகன் ஃப்ரேஸர். ஜிம்மாக வருகிற பையன் யார் தெரியுமா? பின்னாளில் பேட்மேன் ஆன கிறிஸ்டியன் பேல்! கப்பலும் அட்டைக் கப்பல் கிடையாது. 1962இல் வந்த 'மியூட்டினி ஆன் தி பவுன்டி' படத்துக்காகக் கட்டிய, நிஜமாகவே பாய்விரித்து ஓடுகிற கப்பல். வசனங்கள் பெரும்பாலும் நாவலை ஒட்டியே போகின்றன. ஹெஸ்டனின் சில்வர் சிரிக்கும்போதே மனதுக்குள் கணக்குப் போடுகிறான். குறை என்னவென்றால், அந்தப் பையன் இந்த ஆளிடம் எப்படி மயங்கினான் என்பது மட்டும் விளங்காது.

அந்த மயக்கத்தை அழகாகக் காட்டியது, யாரும் எதிர்பார்க்காத ஒரு கார்ட்டூன். 2002இல் வந்த 'ட்ரெஷர் பிளானட்' கதையை விண்வெளிக்குக் கொண்டுபோய்விட்டது. சில்வர் பாதி மனிதன், பாதி இயந்திரம். உடம்பைக் கையால் வரைந்து, இயந்திரக் கையையும் காலையும் கணினியில் செய்து ஒட்டினார்கள். அப்பா விட்டுவிட்டுப் போன பையனாக ஜிம்மை வைத்ததும், சில்வர் வந்து உட்கார வேண்டிய இடம் தானாகவே அமைந்துவிட்டது. பீப்பாய்க்குள் ஒளிந்துகொண்டு சதியை ஒட்டுக் கேட்கும் காட்சியில் ஜிம்முக்கு வலிப்பது நமக்கும் வலிக்கிறது. என்ன, கடைசியில் ஜிம்மைக் காப்பாற்றப் புதையலையே கைவிடுகிறான். நாவலின் சில்வர் கிடைத்த காசு மூட்டையோடு கம்பி நீட்டிய ஆசாமி! சுமார் 14 கோடி டாலர் செலவழித்த படம், உலகம் முழுக்கச் சுமார் 11 கோடிதான் வசூலித்தது. பாவம்.

2014 முதல் 2017 வரை ஓடிய 'பிளாக் செயில்ஸ்' தொடரை இந்தப் படிக்கல்லில் வைக்கவே முடியாது, ஏனென்றால் அதில் ஜிம்மே இல்லை. நாவலுக்கு இருபது வருடம் முந்தைய கதை. லூக் ஆர்னால்ட் நடித்த சில்வர், இரண்டு காலோடும், சமைக்கத் தெரியாமலே சமையல்காரன் என்ற பொய்யோடும் கப்பலில் ஒட்டிக்கொள்கிற சில்லறைத் திருடன். கால் போவதெல்லாம் பிறகு. நாவலில் சில்வர் பெருமையாக ஒன்று சொல்வான்: சிலருக்கு (கொள்ளையன்) பியூவைக் கண்டால் பயம், சிலருக்கு (கொள்ளையர் தலைவன்) ஃபிளின்ட்டைக் கண்டால் பயம், ஆனால் ஃபிளின்ட்டுக்கோ என்னைக் கண்டால் பயம். அந்த ஒரு வரியை 38 எபிசோடுகளாக விரித்தது மாதிரி இருக்கிறது தொடர். அவனுடைய ஆயுதம் பேச்சு என்பதை வேறு யாரும் இவ்வளவு தெளிவாகப் பிடிக்கவில்லை. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்துவிடாதீர்கள், ரத்தமும் மற்றதும் தாராளம்.

1972இல் ஆர்சன் வெல்ஸ் நடித்ததும் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஆள், அவ்வளவு அலுப்பான படம். விட்டுவிடலாம்.

சரி, ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால்? நாவலைப் படித்தவர்களுக்கு ஹெஸ்டன். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் கார்ட்டூன். நியூட்டனை முழுதாகப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பத்து நிமிடம் குரலை மட்டுமாவது கேளுங்கள். அப்புறம் எந்தக் கொள்ளையன் படம் பார்த்தாலும் அந்த 'ர' காதில் விழும்.