ஆளை அளப்பதா, அளவுச் சேர்ட்டை அளப்பதா?

கோயில் திருவிழா மேடைக்கு ஓர் இசைக்குழுவுக்கே உடுப்புத் தைக்கும்போது, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இரண்டு வழிதான்: ஆளை வரவழைத்து நாடா பிடிப்பது, அல்லது அவருக்குப் பொருந்தும் சேர்ட் ஒன்றை வாங்கி அளப்பது.

சேர்ட் வழி சுலபம். பொத்தான் பூட்டி, மேசையில் விரித்து, கைக்குழிக்குக் கீழே குறுக்காக அளந்து இரட்டிக்க வேண்டும். 21 அங்குலம் வந்தால் சுற்றளவு 42. இதில் உடலளவுக்கு மேல் விடும் தளர்வு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 'நெஞ்சு 42' என்று மட்டும் அளவுச் சீட்டில் எழுதிவிட்டால், வெட்டுபவர் அதை உடலளவென்று நினைத்துத் தளர்வுக்கு இன்னும் 4 அங்குலம் கூட்டிவிடுவார். சேர்ட் சாக்காகத் தொங்கும். 'சேர்ட் அளவு' என்று கட்டாயம் எழுதுங்கள்.

ஆனால் சேர்ட்டுக்கு வாத்தியம் வாசிக்கத் தெரியாது. ட்ரம்ஸ்காரரைக் கதிரையில் இருத்தி, இரு கையையும் முன்னே நீட்டச் சொல்லி முதுகுக் குறுக்கை அளந்து பாருங்கள். கை தொங்கும்போது எடுத்ததைவிடக் கூடவே வரும். அந்த வித்தியாசத்துக்கு முதுகில் மடிப்பு வைக்காவிட்டால் கைக்குழித் தையல்தான் முதலில் பிரியும். கிட்டார்காரருக்கு முழங்கையை மடித்து, தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை. புல்லாங்குழல்காரருக்கு மூச்சை நிறைய இழுத்த நெஞ்சு. மத்தளத்தை இடுப்பில் கட்டி நின்று அடிப்பவருக்குக் கட்டு விழும் இடத்தையும் குறிக்க வேண்டும். அங்கே பொத்தான் வந்தால் குத்தும்.

பாடகர்களுக்கும் அறிவிப்பாளருக்கும் சேர்ட் அளவே போதும். கையை வீசி வாசிப்பவரை நேரில்தான் அளக்க வேண்டும்.

எந்த வழியானாலும், மருதமுனைக் கைத்தறித் துணியென்றால் வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள்.