பலாவு வழியா, செஷல்ஸ் வழியா?

கடலைக் காக்கப் பசிபிக் தீவு நாடான பலாவு எடுத்த முடிவு பட்டென்று புரியும். 2015-ல் சட்டம், 2020 ஜனவரி முதல் நடைமுறை: பொருளாதாரக் கடற்பரப்பில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நாட்டுக்கு உரிமையுள்ள கடல்) 80 சதவீதத்தில் மீன்பிடிக்கவே கூடாது; மீதி உள்ளூர்த் தேவைக்கு. மக்களுக்கு இது புதிதும் இல்லை. பவளப்பாறைப் பகுதியில் மீன் குறைந்தால் ஊர்த்தலைவர்கள் தடை போடுவது அங்கே பழைய வழக்கம். அதன் பெயர் ‘புல்’ (நம்ம ஊர்ப் புல் இல்லை!). செலவுக்கு, விமானத்தில் வரும் வெளிநாட்டுப் பயணியிடம் 100 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம். கொரோனாவில் விமானம் நின்றதும் அந்த வரவும் நின்றது.

இந்தியப் பெருங்கடல் தீவு நாடான செஷல்ஸ் கடனில் இருந்து தொடங்கியது. சுமார் 2.16 கோடி டாலர் வெளிநாட்டுக் கடனை மாற்றியமைத்து, பதிலுக்குக் கடலில் 30 சதவீதத்தைக் காப்பதாக ஒப்புக்கொண்டது; 2020-ல் அறிவித்தும் விட்டது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதியில்தான் கடுமையான தடை. அல்டாப்ரா என்ற பவளத்தீவு அதற்குள் வரும். மற்ற இடங்களில் கட்டுப்பாட்டோடு தொழில் நடக்கலாம். சூரை மீன் ஏற்றுமதியை நம்பும் நாடு வேறென்ன செய்யும்?

கண்காணிக்க பலாவு முறை எளிது: தடைப் பகுதியில் வலை விரித்தாலே குற்றம். ஆனாலும் கடனில் தவிக்கும் தீவுக்கு நான் செஷல்ஸ் வழியைத்தான் சொல்வேன்.