பாதியில் நிற்கும் கூரை: டர்பனில் ஒரு பழுதுபார்ப்புச் சேவை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூரையைப் பழுதுபார்க்க அமர்த்திய ஒப்பந்ததாரரின் கைத்திறனில் பெரிதாகக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எடுத்த வேலையை முடித்துக் கொடுப்பதில்தான் அவர் அடியோடு தவறிவிட்டார். அந்த ஒரு காரணத்தினாலேயே இந்தச் சேவையை யாருக்கும் என்னால் பரிந்துரைக்க இயலவில்லை.

டர்பனில் பெரும் மழை அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கோடைக்காலத்தில் பெய்வதால், குளிர்கால வறட்சியிலேயே கூரை வேலைகளை முடித்துக்கொள்வது இங்குள்ள வழக்கம். 2022 ஏப்ரல் வெள்ளத்தைக் கண்ட குடும்பம் எதுவும் ஒழுகும் கூரையின் கீழ் அடுத்த மழையை எதிர்பார்த்து நிம்மதியாக உறங்காது. எனவே ஜூலையிலேயே கொட்டேஷன் வாங்கினோம். புரட்டாசி பிறப்பதற்குள் முடித்துத் தருவதாக அவர் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே முன்பணம் கொடுத்தோம். மொத்தத் தொகை 38,000 ரான்ட். அதில் 60 சதவீதம் தொடக்கத்திலும், 20 சதவீதம் முகட்டு ஓடுகள் பதிந்த பின்பும், எஞ்சிய 20 சதவீதம் வேலை முடிந்த பின்பும் தருவதாக ஏற்பாடு.

தொடக்கத்தில் ஆட்கள் காலை ஏழு மணிக்கே ‘பக்கி’ எனப்படும் சிறு சரக்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். முகட்டில் வெடித்துப்போயிருந்த பழைய சாந்தை முழுவதும் கொத்தியெடுத்து, ஓடுகளை நூல் பிடித்தாற்போல் மறுபடியும் பதித்து, இணைப்புகளின் மேல் துணிப்பட்டை ஒட்டி, அதன் மேல் நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு முறை பூசினார்கள். அந்தப் பகுதியில் இன்றுவரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது தவணை கைக்குப் போனதும் வண்டி வருவது நின்றுவிட்டது. ஒரு வாரம் மழை என்றார், மறுவாரம் தகடு வந்து சேரவில்லை என்றார், பிறகு வேறோர் இடத்தில் அவசர வேலை என்றார். “திங்கட்கிழமை கட்டாயம் வந்துவிடுகிறேன், ஆன்ட்டி” என்று அவர் சொன்ன திங்கட்கிழமைகள் தீபாவளியையும் தாண்டித் தைப்பூசக் காவடி வரை நீண்டன. அவர் ஒருபோதும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அந்தப் பணிவான பேச்சை நம்பித்தான் இவ்வளவு காலமும் பொறுத்திருந்தோம்.

பின்பக்கத்தில் கூரையும் சுவரும் சேரும் இடத்தில் பதிக்க வேண்டிய தகடு இன்னும் பதிக்கப்படவில்லை. அங்கே நீலத் தார்ப்பாய் ஒன்றை விரித்து, மேலே நான்கு செங்கற்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்றடித்தால் அது தூக்கிக்கொள்கிறது. தண்ணீர் சுவரோரமாக இறங்கிச் சாமி அறைக்குள் வருகிறது. விளக்கு மாடத்துக்கு நேர் மேலே சீலிங் பலகை பழுப்பு வளையங்களோடு தொய்ந்து தொங்குகிறது. எனக்கு மிகுந்த வேதனை தருவது இன்னொன்று: பழைய சாய்ப்பிலிருந்து உடைத்தெடுத்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டுத் துண்டுகளைக் கொல்லைச் சுவரோரம் திறந்தபடியே அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். 1960களில் எழுந்த இந்த ஊரில் பல வீடுகளுக்கு அந்தக் கூரைதான். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு என்பதால் அகற்றுவதற்கும் அப்புறப்படுத்துவதற்கும் 2020ஆம் ஆண்டு முதல் கடுமையான விதிகள் உள்ளன. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் அதைப் போட்டுவிட்டுப் போவதை எந்தத் தாமதக் காரணமும் நியாயப்படுத்தாது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு நாங்கள் விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வீடு கட்டுவோர் பதிவு மன்றம் அளிக்கும் உத்தரவாதம் புதிதாகக் கட்டும் வீடுகளுக்கானது. பழைய வீட்டின் பழுதுபார்ப்புக்கு அதை நம்பிப் பயனில்லை. நமக்குக் கைகொடுப்பது 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆவது பிரிவு. வேலையை உரிய காலத்தில் முடிப்பதும், தவிர்க்க முடியாத தாமதம் நேர்ந்தால் உடனே தெரிவிப்பதும் சேவை தருபவரின் கடமை என்று அது சொல்கிறது. தவறினால் குறையைச் சரிசெய்யவோ, நியாயமான ஒரு பங்கைத் திருப்பித் தரவோ கேட்கலாம்.

20,000 ரான்ட் வரையிலான வழக்குகளைச் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் வழக்கறிஞர் இல்லாமலேயே விசாரிக்கிறது. அதற்கு முன் 14 நாள் கெடு வைத்து எழுத்தில் கோரிக்கைக் கடிதம் கொடுக்க வேண்டும்; வாட்ஸ்அப்பில் கெஞ்சிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். வேறொரு ஒப்பந்ததாரர் எஞ்சிய வேலைக்கு 17,500 ரான்ட் கேட்கிறார். நாங்கள் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருக்கும் 7,600 ரான்ட்டைக் கழித்து, 9,900 ரான்ட்டும் சீலிங் பலகைக்கான செலவும் கோரிக் கடிதத்தைப் பழைய ஒப்பந்ததாரரின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

புதியவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் முன்பணம் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டுமே. தகடு பதித்து, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, கொல்லையில் கிடக்கும் துண்டுகளை முறைப்படி அகற்றிய சான்றையும் காட்டிய பிறகே மீதித் தொகை. அவரும் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்.