முதல் தொகுப்பை யாரிடம் கொடுப்பது: பெரிய பதிப்பகமா, சிறிய பதிப்பகமா, சொந்தச் செலவா?

என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சாக இரண்டரை ஆண்டுகள் ஆயின. பன்னிரண்டு கதைகள், ஏறத்தாழ 144 பக்கம். அந்த இரண்டரை ஆண்டுகளில் பெரிய பதிப்பகம், பணம் கேட்கும் பதிப்பகம், சிறிய பதிப்பகம், அச்சகம், அமேசானின் மின்னூல் தளமான கிண்டில் என்று எல்லா வழிகளையும் விசாரித்துவிட்டேன். இதழ்களில் ஐந்தாறு கதைகள் வெளிவந்து, "தொகுப்பு எப்போது?" என்று நண்பர்கள் கேட்கத் தொடங்கியிருக்கும் ஒருவருக்காக இதை எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரதியை வரிவரியாகப் படிக்கும் பதிப்பாளர் கிடைத்தால், அவர் எவ்வளவு சிறியவராக இருந்தாலும் அவரிடமே கொடுங்கள். கிடைக்கவில்லையென்றால் நீங்களே அச்சிடுங்கள். பணம் கொடுத்து இன்னொருவருடைய முத்திரையை மட்டும் வாங்காதீர்கள்.

பெரிய பதிப்பகத்தின் பலம் பரவல். காலச்சுவடு, உயிர்மை, கிழக்கு போன்றவற்றின் நூல் ஒன்று வந்தால், கடைக்காரர் ஆசிரியர் யாரென்று கேட்காமலே நான்கு பிரதி எடுத்து வைப்பார். புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசி 1977 முதல் நடத்திவரும் சென்னைப் புத்தகக் காட்சியில், பொங்கலையொட்டிய அந்தச் சில நாட்களில், வாசகர் நேராக இவர்களுடைய அரங்குக்குத்தான் நடக்கிறார். தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டே அந்தக் காட்சியை வைத்துத்தான் சுழல்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் நான் ஒரு பெரிய பதிப்பகத்துக்கு அக்டோபரில் பிரதியை அனுப்பினேன். அது மெய்ப்பும் (அச்சுப்பிழை திருத்தமும்) அட்டையும் அச்சும் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கும் மாதம். ஒன்பது மாதம் பதில் இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருந்தால்கூட அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். காட்சி முடிந்து, கணக்கு வழக்குகள் ஓய்ந்தபின், பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு முறை கேளுங்கள். அது தொந்தரவு ஆகாது.

வருமானத்தைப் பொறுத்தவரை பெரியவரும் சிறியவரும் அதிகம் வேறுபடுவதில்லை. விற்ற பிரதிகளுக்கு, விலையில் 10 சதவீதம் என்பதுதான் தமிழில் பரவலான உரிமத்தொகை (ராயல்டி). 180 ரூபாய் நூலுக்குப் பிரதிக்கு 18 ரூபாய். 500 பிரதி விற்றால் 9,000 ரூபாய். முதல் தொகுப்பு 500 விற்பதே நல்ல விற்பனை. எனவே பணத்தை அளவுகோலாக வைத்துப் பதிப்பகத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. யார் படிக்கிறார், எப்படிப் படிக்கிறார் என்பதில்தான் வேறுபாடு. அதை எனக்குக் காட்டியது ஒரு தற்செயல்.

நான் எல்லோருக்கும் அனுப்பிய கோப்பில் ஏழாவது கதையின் கடைசிப் பக்கம் விடுபட்டிருந்தது. எனக்கே அது தெரியாது. பணம் வாங்கிப் பதிப்பிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து நான்காம் நாளே பதில் வந்தது: "படைப்பு மிகச் சிறப்பு, உடனே வெளியிடலாம்." கூடவே விலைப்பட்டியல். 45,000 ரூபாய்க்கு 300 பிரதிகள். 200 எனக்கு, 100 அவர்களிடம். பாதியில் நிற்கும் கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சிறிய பதிப்பகத்திலிருந்து தொலைபேசி வந்தது. வணக்கம் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஏழாவது கதை பேருந்து நிறுத்தத்தோடு நின்றுவிடுகிறதே, அது முடிவா, இல்லை பக்கம் விட்டுப்போயிற்றா?" அந்த நொடியில் என் தேடல் முடிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

அவர் பிரதியை அச்சுநகல் எடுத்துப் பென்சிலால் குறித்திருந்தார். ஒரு கதையின் முதல் இரண்டு பத்திகளுக்கும் குறுக்கே ஒரு கோடு. ஓரத்தில் "கதை மூன்றாவது பத்தியில்தான் தொடங்குகிறது". இன்னொன்றில் "அவள் மனம் வலித்தது" என்ற வரியைச் சுற்றி வட்டமிட்டு, "முந்தைய வரியிலேயே தெரிந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். ஒரு கதையை முழுவதுமாக எடுத்துவிடச் சொன்னார். மூன்று நாள் கோபமாக இருந்தேன். நான்காம் நாள் அந்தக் கதையை மறுபடி படித்தேன், எடுத்துவிட்டேன். எழுத்தைப் பற்றி அந்தப் பென்சில் குறிப்புகளில் கற்றதை அதற்கு முன் எங்கும் கற்றதில்லை.

சிறிய பதிப்பகத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். என் நூல் 300 பிரதிதான் அச்சானது. திருநெல்வேலியில் ஒரு வாசகர் கடை கடையாகக் கேட்டுக் கிடைக்காமல் எனக்கு எழுதினார். உரிமத்தொகைக் கணக்கும் நான் கேட்டபின்தான் வந்தது. அரசு நூலகங்களுக்கு நூல் வாங்கும் நூலக ஆணை கிடைத்தால் மூச்சுவிடலாம் என்று எல்லாச் சிறிய பதிப்பாளர்களும் சொல்வார்கள். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்துவரியோடு வசூலிக்கப்படும் நூலக வரியிலிருந்து அரசு நூல்களை வாங்குகிறது. ஆனால் எந்த நூல் தேர்வாகும், பணம் எப்போது வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதை நம்பி எழுத்தாளர் கணக்குப் போடக் கூடாது.

அந்த 45,000 ரூபாய்க்குத் திரும்ப வருகிறேன். அதே மாதம் ஓர் அச்சகத்தில் விசாரித்தேன். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 100 பிரதிக்கு 9,500 ரூபாய். மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை எல்லாவற்றுக்குமாக 8,000. ஆக 17,500 ரூபாயில் நூறு பிரதியும் உங்களுடையவை, உரிமையும் உங்களுடையது. அந்த நிறுவனத்தின் ஒப்பந்த வரைவிலோ "பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று ஒரு வரி இருந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் அந்தக் காலம் எழுத்தாளரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும். பணத்தையும் கொடுத்து, பேரப்பிள்ளைகள் காலம்வரை உரிமையையும் கொடுப்பது எந்த வகையில் நியாயம்? இந்த வழியில் போன நண்பர் ஒருவரின் வீட்டுப் பரணில் பழுப்புத்தாள் சுற்றிய கட்டுகள் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கின்றன. அவர் நல்ல கவிஞர். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

யாரிடம் கொடுத்தாலும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கேளுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு நமக்குத் துணை நிற்கிறது. கையொப்பமிட்ட எழுத்து இல்லாமல் உரிமை மாறாது. காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். நான் அச்சு உரிமையை மட்டும் 3 ஆண்டுக்குக் கொடுத்தேன். மின்னூல், மொழிபெயர்ப்பு உரிமைகள் என்னிடமே இருக்கின்றன. பதிப்பாளர் மறுப்பேதும் சொல்லவில்லை.

சொந்தமாக அச்சிடுவது இழுக்கு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சிட்டதே நூலை வாங்குவதாக அன்பர்களிடம் முன்கூட்டிக் கையொப்பம் வாங்கித்தான். நீங்களும் முன்பதிவு வாங்கி அச்சிடலாம். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான தேசிய முகமையில் எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம், கட்டணம் கிடையாது. அச்சானதும் சட்டப்படி சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். கடினம் இதற்குப் பின்தான். கடைக்காரருக்கு 35, 40 சதவீதம் கழிவு, கூரியர் செலவு, நிலுவைக்கு நடையாக நடப்பது. காசு கொடுத்தாவது ஒரு நல்ல செம்மையாளரிடம் பிரதியைக் காட்டிவிட்டு இந்த வழியில் இறங்குங்கள். சேமிக்கும் பணத்தைச் செலவிட அதைவிட நல்ல இடம் இல்லை.

கிண்டிலில் தமிழ் 2016 முதல் இருக்கிறது. செலவே இல்லை, உரிமத்தொகை 35 அல்லது 70 சதவீதம். ஆனால் இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் மின்னூலைக் கிண்டிலுக்கு மட்டுமே தரும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். அதில் இருக்கும் 90 நாட்களுக்கு அந்த எழுத்து மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. இணைய இதழில் வந்த கதைகளைத் தொகுப்பவருக்கு இது பெரிய சிக்கல். தொடர்ந்து நாவல் எழுதி வாசகரைப் பிடித்து வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல களம். முதல் சிறுகதைத் தொகுப்புக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது ஒரு நாவலை முடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் நூல் வந்தபின் பெரிய பதிப்பகம் ஒன்றிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். அங்கே பிரதியைப் படித்துக் குறிப்பு எழுதப்போவது யார் என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன். அதற்கிடையில் ஒரு நகலை, ஓரங்களில் தாராளமாக இடம்விட்டு அச்செடுத்து, பழைய பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன்.