கேனுலா, பிக் லைன், போர்ட்: மூன்றோடும் இருந்து பார்த்த அனுபவம்

கீமோ தொடங்கும் முன் மருந்தின் பெயர், பக்கவிளைவு, எத்தனை சைக்கிள் (சுற்று) என்று எல்லாவற்றையும் விளக்குவார்கள். அந்த மருந்து எந்த வழியாக உள்ளே போகும் என்பது மட்டும் பெரும்பாலும் கடைசி இரண்டு நிமிடத்தில்தான் பேச்சுக்கு வரும். "பிக் லைன் போடலாமா, போர்ட் வெச்சுக்கறீங்களா?" என்று கேட்டால் நமக்கு என்ன தெரியும்? பெருங்குடல் புற்றுநோய்க்காக நான் சிகிச்சை எடுத்த காலத்தில் கேனுலா (கை நரம்பில் போடும் சின்னக் குழாய்), பிக் லைன் (மேல்கை வழியாக உள்ளே போகும் நீண்ட குழாய்), போர்ட் (நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் சின்னப் பெட்டி) என மூன்றும் என் உடம்பில் இருந்திருக்கின்றன. மருந்தை ரத்தத்தில் சேர்க்கும் வேலையை மூன்றும் செய்துவிடுகின்றன. மருத்துவமனையை விட்டு வந்த பிறகு வீட்டில் கழியும் நாட்களில்தான் வித்தியாசம் தெரியும். அதனால் இங்கே அந்த நாட்களைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதல் கட்டத்தில் எனக்குக் கொடுத்தது ஆக்ஸாலிபிளாட்டின் ட்ரிப்ஸும் கேப்சிடபின் மாத்திரையும். மூன்று வாரத்துக்கு ஒரு முறைதான் ட்ரிப்ஸ் என்பதால் கையில் கேனுலா போட்டே சமாளித்துவிடலாம் என்றார்கள். அதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. மருந்து முடிந்ததும் கழற்றிவிட்டு வெறும் கையோடு வீட்டுக்கு வரலாம், அடுத்த முறை வரை பராமரிக்க எதுவுமே இல்லை. ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் சின்ன நரம்பு வழியாகப் போகும்போது முன்கை முழுக்க ஒரு வலி ஏறும். வெதுவெதுப்பான ஒத்தடம் வைத்து, ட்ரிப்ஸின் வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் தணியும். நாளாக நாளாக நரம்புகள் கெட்டியாகி, சிஸ்டர் கையைத் தட்டித் தட்டித் தேடும் நேரம் நீண்டுகொண்டே போனது. மருந்தைவிட அந்தத் தேடலை நினைத்துத்தான் முந்தைய நாள் இரவு தூக்கம் வராது.

என்னுடையதாவது வலியோடு போயிற்று. டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்ற மருந்துகள் நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள சதையே வெந்து புண்ணாகிவிடும். அப்படிப்பட்ட மருந்து என்றால், அதுவும் மணிக்கணக்கில் ஏற வேண்டும் என்றால், கை நரம்பு நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கேனுலாவில் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. கேனுலா போட்டிருக்கும்போது சுருக்கென்று எரிந்தாலோ, வீங்கினாலோ, "இருக்கட்டும், முடியப் போகுதே" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. உடனே சொல்லி மருந்தை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

மாத்திரையால் உள்ளங்கையும் பாதமும் உரிந்து நடக்கவே முடியாமல் போனபோது, அதற்குப் பதிலாக 5-எஃப்யூ மருந்துக்கு மாற்றினார்கள். அது 46 மணி நேரம் ஒரு சின்ன பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். பம்ப்பை இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதற்குக் கேனுலா தாங்காது. அப்படித்தான் பிக் லைன் வந்தது.

போடுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. மேல்கையின் உட்புறத்தை மரத்துப்போகச் செய்து, அல்ட்ராசவுண்டில் நரம்பைப் பார்த்து மெல்லிய குழாயைச் செலுத்துகிறார்கள். அதன் நுனி இதயத்துக்குச் சற்று மேலே, பெரிய சிரையில் போய் நிற்கும். அங்கே ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்து உடனே கலந்துவிடுகிறது, முன்கை வலி அறவே இல்லை. நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு அன்றே பயன்படுத்தத் தொடங்கினார்கள். ரத்தப் பரிசோதனைக்கும் அதிலிருந்தே எடுத்தார்கள். முதல் சில வாரங்கள் இதுதான் சொர்க்கம் என்றிருந்தேன்.

பிறகு அதனுடைய வேலைப்பளு மெல்லத் தெரிய ஆரம்பித்தது. கீமோ இல்லாத வாரத்திலும் டிரெஸ்ஸிங் மாற்ற, ஃப்ளஷ் செய்ய (குழாய் அடைக்காமலிருக்க உப்பு நீரைச் செலுத்திக் கழுவ) வாரம் ஒரு முறை போயாக வேண்டும். குளிக்கும் முன் என் மனைவி கையைப் பிளாஸ்டிக் உறையால் சுற்றுவாள். ஓரத்தில் ஒரு துளி உள்ளே போனாலும் டிரெஸ்ஸிங் ஈரமாகி, வாரம் முடியும் முன்பே மறுபடி ஓட வேண்டும். நீச்சல் என்ற பேச்சே கிடையாது. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது. ஒட்டும் பிளாஸ்திரிக்கு என் தோல் சிவந்து அரித்தது, வேறு வகை பிளாஸ்திரி மாற்றிய பிறகுதான் அடங்கியது. சட்டைக் கையை ஏற்றும்போதெல்லாம் தொங்கும் குழாய் கண்ணில் படும். பார்க்கிறவர்கள் அதைப் பற்றிக் கேட்பார்கள். மருத்துவமனையில் இல்லாத நேரத்திலும் நான் நோயாளிதான் என்று அது நினைவூட்டிக்கொண்டே இருந்தது எனக்குப் பெரிய தொல்லை. சிலருக்கு இது ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம்.

ஒருநாள் காலையில் அந்தக் கை கனத்துப்போய், அக்குள் பக்கம் இழுத்துப் பிடித்தது. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக் கட்டி என்று தெரிந்தது. குழாய் வேலை செய்துகொண்டிருந்ததால் அதை எடுக்காமல், ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்துச் சிகிச்சையை முடித்தார்கள். பிக் லைனில் இது அரிதானது அல்ல. கை வீக்கத்தைத் தூக்கத்தில் அழுந்தியது என்று விட்டுவிடக் கூடாது. பிக் லைனை எடுப்பது மட்டும் மிக எளிது. படுக்கச் சொல்லி, மூச்சை அடக்கச் சொல்லி உருவி, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார்கள். அவ்வளவுதான்.

பின்னாளில் கல்லீரலில் ஒரு புள்ளி தெரிந்து மறுபடி கீமோ என்றானபோது, இந்த முறை நானே போர்ட் கேட்டேன். காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பொத்தான் அளவில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து கழுத்துச் சிரை வழியாக உள்ளே போகும் குழாய். சின்ன அறுவை சிகிச்சைதான் என்றாலும் அறுவை சிகிச்சையேதான். சில நாட்கள் கழுத்தைத் திருப்பவே யோசிக்க வேண்டியிருந்தது. ஊசி போடும்போது பெட்டியின் சிலிகோன் மூடியைக் கிழித்துவிடாத ஹூபர் ஊசியைத்தான் பயன்படுத்துவார்கள். மரத்துப்போக வைக்கும் களிம்பைச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே பூசிக்கொண்டு போனால் குத்துவது பெரிதாகத் தெரியாது. பம்ப் ஓடும் 46 மணி நேரமும் ஊசி நெஞ்சிலேயே இருக்கும், அப்போது குளியலில் கவனம் வேண்டும். ஊசியை எடுத்த பிறகு வெளியே ஒன்றுமே கிடையாது. தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம், காயம் நன்றாக ஆறியபின் நீந்தலாம். வாரா வாரம் ஓடும் வேலை நின்றது. என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லா அசௌகரியத்துக்கும் இதுவே ஈடு.

அசௌகரியம் இல்லாமல் இல்லை. சில நாள் மருந்து உள்ளே போகும், ரத்தம் மட்டும் திரும்பி வராது. குழாய் நுனியில் மெல்லிய படலம் மூடிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். "கையைத் தூக்குங்க, தலையை அந்தப் பக்கம் திருப்புங்க, இருமுங்க" என்று ஒரு யோகா வகுப்பே நடக்கும். அதிலும் வராவிட்டால் ரத்த உறைவைக் கரைக்கும் மருந்தை உள்ளே விட்டுக் காத்திருப்பார்கள். ரத்தம் திரும்பாமல் கீமோவை ஏற்ற மறுக்கும் சிஸ்டரிடம் கோபப்படாதீர்கள், அவர் செய்வதுதான் சரி. கார் சீட் பெல்ட் சரியாக அதன் மேலேயே உரசும். நடுவில் ஒரு மெத்தை வைத்துக்கொண்டேன். சிடி ஸ்கேனுக்கு மருந்தை அழுத்தத்தோடு செலுத்துவதற்கு எல்லா போர்ட்டும் ஏற்றதல்ல. எந்த வகை என்று குறித்த அட்டையைத் தருவார்கள், அதைப் பர்ஸில் வைத்திருங்கள். ஃப்ளஷ் செய்யும்போது வாயில் வரும் உப்புச் சுவைக்கு மட்டும் எனக்கு இன்றுவரை பழகவில்லை.

ஹிக்மேன் லைனை நான் வைத்திருந்ததில்லை. நெஞ்சுத் தோலுக்கடியில் சுரங்கம்போல் ஓடி வெளியே தொங்கும் அது, ரத்தப் புற்றுநோய்க்கும் எலும்பு மஜ்ஜை மாற்றுக்கும் சிகிச்சை பெறுபவர்களிடம் அதிகம் காணப்படும்.

என் தனிப்பட்ட விருப்பத்தோடு நிற்க வேண்டாம் என்றால், 2021-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று இருக்கிறது. 1061 பேரிடம் பிக் லைன், போர்ட், ஹிக்மேன் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். தொற்று, ரத்தக் கட்டி, குழாய்க் கோளாறு போன்ற சிக்கல்கள் போர்ட்டில் 32 சதவீதம் பேருக்கும் பிக் லைனில் 47 சதவீதம் பேருக்கும் வந்தன. ஹிக்மேனோடு ஒப்பிட்ட பிரிவில் போர்ட்டுக்கு 29, ஹிக்மேனுக்கு 43. போர்ட்டிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள்.

எல்லோருக்கும் போர்ட் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கசிந்தால் புண்ணாக்காத மருந்து, சில சைக்கிள்தான், நரம்பும் நன்றாக இருக்கிறது என்றால் கேனுலாவே போதும். அவசரமாகத் தொடங்க வேண்டும், சில மாதத்தில் முடிந்துவிடும் என்றால் பிக் லைன் பொருத்தமானது. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பிக் லைனுக்குச் சம்மதிக்கும் முன் கட்டாயம் தங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேளுங்கள். பிற்பாடு டயாலிசிஸ் தேவைப்பட்டால் அந்தக் கை நரம்புகள் வேண்டும். மார்பக அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள் எந்தப் பக்கம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். வாராவாரம் டிரெஸ்ஸிங்குக்கு அழைத்துப் போக ஆள் இருக்கிறதா என்பதையும் கணக்கில் எடுங்கள். அதை யாரும் கேட்பதில்லை.

எதை வைத்திருந்தாலும் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அல்லது ஃப்ளஷ் செய்த கொஞ்ச நேரத்தில் குளிர் நடுங்கினால், காலைவரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழையுங்கள். குழாய்க்குள் தொற்று என்றால் அதையே எடுக்க வேண்டி வரலாம்.

என் கீமோ முடிந்துவிட்டது, போர்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் மறுபடி ஒரு சின்ன அறுவை. அடுத்த சில ஸ்கேன்கள் சுத்தமாக வரட்டும், பிறகு எடுக்கலாம் என்று நானும் டாக்டரும் பேசி வைத்திருக்கிறோம். அதுவரை இடையிடையே ஒரு ஃப்ளஷ், அவ்வளவுதான் அதற்குச் செய்யும் பராமரிப்பு.