கொரோனா இரண்டாம் அலையில் 108: ஒரு மெடிக்கல் கடைக்காரரின் ரிவ்யூ

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். போனை எடுத்துப் பேசியவர்களுக்கு மட்டும் என்றால் ஐந்தும் தருவேன்.

பெரம்பூரில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். 2021 மே ஊரடங்கில் எங்கள் தெருவில் திறந்திருந்தது என் கடையும் பால் பூத்தும்தான். ஆக்சிமீட்டருக்கும் பாராசிட்டமாலுக்கும் வந்தவர்கள், "108-க்கு நீங்களே பேசிடுங்கண்ணா, எங்களுக்குப் பதட்டமா இருக்கு" என்று போனை நீட்டுவார்கள். அப்படிப் பல வீடுகளுக்காகப் பேசியிருக்கிறேன். அதனால் வண்டியைவிட, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து அழைப்பை எடுத்தவர்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

அவர்கள் முதலில் இடத்தைத்தான் கேட்பார்கள். எந்தத் தெரு, பக்கத்தில் கோயிலா பள்ளிக்கூடமா, வண்டி உள்ளே வருமா. பேச்சு நடுவில் லைன் கட்டானாலும் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். அப்புறம் வயது, காய்ச்சல் எத்தனை நாள், பேசும்போது மூச்சு வாங்குகிறதா, உதடு நீலமாக இருக்கிறதா, சுகர் பிரஷர் உண்டா, ஆக்சிஜன் எவ்வளவு. "உயிர் போவுது, கதை கேட்டுக்கிட்டு இருக்காங்களே" என்று என் கடை வாசலில் கத்தியவர்கள் உண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த மே மாதத்தில் வண்டிகளைவிட அழைப்புகள் பல மடங்கு. வந்த வரிசைப்படி அனுப்பினால், காய்ச்சலோடு நடமாடுகிறவர் முதலில் போவார். ஆக்சிஜன் அளவு 82-ல் திணறுகிறவர் வீட்டில் கிடப்பார். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல் யார் முதலில் என்று முடிவெடுக்க, போனில் இருப்பவருக்குக் கேள்விகளை விட்டால் வேறு வழி இல்லை.

94-க்கு மேல் இருந்தால் வீட்டிலேயே கண்காணிப்பு, 90-க்குக் கீழே போனால் ஆபத்து என்று அப்போது எல்லோருக்கும் மனப்பாடம். இந்த எண்ணை நம்பித்தான் எல்லாமே நடந்தது, ஆனால் வீட்டில் அதைச் சரியாக எடுக்கத் தெரிந்தவர்கள் குறைவு. எதிர்வீட்டு ஆயா நன்றாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். பேத்தி மாட்டிய ஆக்சிமீட்டரில் 86. மெஷின் கோளாறு என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். 108-ல் பேசிய பெண் அப்படி விடவில்லை. விரலைத் தேய்த்துச் சூடாக்குங்கள், மருதாணி இல்லாத விரலில் மாட்டுங்கள், ஒரு நிமிடம் பொறுத்து நின்ற எண்ணைச் சொல்லுங்கள் என்றார். 85. உடனே அவர் குரலில் ஒரு வேகம் வந்தது. லைனில் டாக்டரைச் சேர்த்தார். "குப்புறப் படுக்க வைங்க. பாத்ரூமுக்குக்கூட நடக்க விடாதீங்க. பழைய மாத்திரைச் சீட்டெல்லாம் எடுத்து வைங்க." மூச்சு வாங்காமலே ஆக்சிஜன் இறங்கும் நோய் இது என்று தெரிந்த ஒருவர் மறுமுனையில் இருந்ததால்தான் ஆயா பிழைத்தார் என்று இன்றும் நம்புகிறேன். வண்டியில் வந்த இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்), பாதுகாப்பு உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி, முதலில் மாஸ்க்கைப் போட்டு ஆக்சிஜனைத் திறந்துவிட்டுத்தான் ஸ்ட்ரெச்சரில் கை வைத்தார். 2008-ல் தமிழ்நாட்டில் தொடங்கியதிலிருந்து இந்தச் சேவைக்குப் பத்து பைசா வாங்கியதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதே வாரம் எங்கள் தெருவில் ஒரு குடும்பத்திடம் தனியார் வண்டி ஒன்று கேட்ட தொகையை இங்கே எழுதவே மனம் வரவில்லை. அரசு பிறகு சாதாரண வண்டிக்கு முதல் 10 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது.

குறைத்த ஒரு நட்சத்திரம், எண்ணை வைத்து வரிசைப்படுத்திய பிறகு நடந்ததற்கு. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றதும், வண்டிக்குள்ளேயே நோயாளிகளுக்கு ஆக்சிஜன் ஓடியதும் ஊரறிந்தது. சின்ன பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் இரண்டரை மணி நேரத்தில் காலி. அத்தனை நேரமும் அந்த வண்டி அடுத்து அழைப்பவருக்கு இல்லாத வண்டி. போனில் எவ்வளவு சரியாக வரிசைப்படுத்தினாலும், படுக்கை எங்கே என்று தெரியாவிட்டால் அந்த உழைப்பு வாசலில் வீணாகிறது.

104 மருத்துவ உதவி எண்ணுக்குப் பின்னால் ஒருங்கிணைந்த கட்டளை மையம் அமைத்துப் படுக்கைகளை ஒரே இடத்திலிருந்து ஒதுக்கியதும், அந்த மருத்துவமனையில், வந்தவரைக் காக்க வைக்காமல் உடனே சேர்த்துக்கொள்ளும் ஜீரோ டிலே வார்டு திறந்ததும், மாநகராட்சி கார் ஆம்புலன்ஸ்களை இறக்கியதும் நிலைமையை இளக்கின. முதல்வர் ஸ்டாலின் மே 14 இரவு அந்த மையத்துக்குப் போய், படுக்கை கேட்டு வந்த அழைப்பைத் தானே எடுத்துப் பேசினார். நல்ல ஏற்பாடுகள்தான். ஏப்ரல் தொடக்கத்திலேயே தயாராக இருந்திருக்க வேண்டியவை.

இன்னொரு பெருந்தொற்று வந்தால் 108-இடம் ஒன்று கேட்பேன். வண்டி இப்போது வேண்டாம் என்று சொல்லப்பட்டவரை, சில மணி நேரம் கழித்து அவர்களே திரும்ப அழைக்க வேண்டும். காலையில் 95 காட்டியவருக்கு இரவில் 88 காட்டிய நோய் இது. தனியாக இருக்கும் வயதானவர்கள் மறுபடி போனை எடுத்து அழைக்கும் தெம்பில் இருக்க மாட்டார்கள்.